பறந்தாலும் பறக்கும்

விமானம் என்றதும் ரைட் சகோதரர்களின் பெயர் நம் நாவில் தானாக வந்துவிடும். தேர்விலும் அந்தப் பெயரைத்தான் எழுதுகிறோம். ஆனால் தன் வீட்டுப் பட்டறையிலேயே, தன் கையாலேயே, மரத்தை இழைத்து, துணியைத் தைத்து, கம்பியை முறுக்கி ஒரு விமானத்தைச் செய்து, அதில் தானே ஏறிப் பறந்தும் காட்டிய ஒரு பெண்மணி இருந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பெயர் லில்லியன் பிளாண்ட். அயர்லாந்து நாட்டில் அவர் பெயர் இன்றும் பெருமையுடன் பேசப்படுகிறது. உலகிலேயே விமானத்தைத் தானே வடிவமைத்து, தானே கட்டி, தானே ஓட்டிய முதல் பெண்களுள் அவரை வைத்து எண்ணுகிறார்கள். முதல்வரே அவர்தான் என்று சொல்வோரும் உண்டு. அவருடைய வரலாற்றை நம் தோழியருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

லில்லியன் எமிலி பிளாண்ட் 1878-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்தில் பிறந்தார். தந்தையார் ஓவியக் கலையில் ஈடுபாடு மிக்கவர். குடும்பத்தின் வேர் அயர்லாந்தில் இருந்தது. பின்னர் தந்தையும் மகளும் பெல்பாஸ்ட் நகருக்கு வடக்கே கார்ன்மனி என்னும் ஊரில், கணவரை இழந்த அத்தையாரின் வீட்டில் வந்து தங்கினர். வசதியான குடும்பம்தான். அந்நாளில் அத்தகைய குடும்பத்துப் பெண்கள் பின்னல் வேலை செய்துகொண்டும், பியானோ வாசித்துக்கொண்டும், நல்ல வரன் வரும்வரை காத்திருந்தனர். நம் லில்லியனுக்கோ அந்த இருப்பு ஒத்துவரவில்லை. பத்திரிகைகளுக்கு விளையாட்டுச் செய்திகள் எழுதினார். புகைப்படங்கள் எடுத்து அனுப்பினார். ஆண்களைப் போலக் கால்சட்டை அணிந்து, குதிரையின் இருபுறமும் கால் போட்டுச் சவாரி செய்தார். ஜப்பானியரின் ஜியு-ஜிட்சு என்னும் தற்காப்புக் கலையையும் பயின்றார். ஊரார் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நாங்கள் எழுதத் தேவையில்லை. ஊர்வாய் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

பறக்கும் ஆசை அவருக்குள் எப்போது முளைத்தது? ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையில் கடற்பறவைகளைப் புகைப்படம் எடுத்துக் கொண்டிருந்தபோது என்று கூறுவர். புகைப்படம் எடுப்பவருக்குப் பொறுமை வேண்டும். பறவை இறக்கையை விரிப்பதையும், காற்றில் சாய்வதையும், அசையாமல் மிதப்பதையும் மணிக்கணக்கில் பார்த்துக் கொண்டிருக்க வேண்டும். அப்படிப் பார்த்துக் கொண்டிருந்தவரின் மனத்தில் நாமும் இவ்வாறு மிதந்தால் என்ன என்ற எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை.

1909-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் பிரான்சு நாட்டவரான லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார். ஐரோப்பா முழுவதும் அதே பேச்சு. பாரிசிலிருந்த உறவினர் ஒருவர் பிளேரியோவின் விமானப் படம் அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்றை லில்லியனுக்கு அனுப்பினார். அதில் அந்த விமானத்தின் அளவுகளும் இருந்தன. மற்றவர்கள் அத்தகைய அட்டையை ஆல்பத்தில் ஒட்டி வைத்திருப்பார்கள். இவர் அளவுகோலை எடுத்தார்.

அதே ஆண்டு அக்டோபர் மாதம் இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில் விமானக் கண்காட்சி ஒன்று நடந்தது. லில்லியன் அங்கே சென்று, நின்றிருந்த விமானங்கள் ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எந்தக் கட்டை எவ்வளவு நீளம், எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது, எந்த முடிச்சு எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டார். விமானம் கட்டக் கற்றுத்தரும் கல்லூரி அவருக்கு வேறு எது? அவ்வாண்டு ஜனவரியில் தொடங்கப்பெற்ற ‘ஃபிளைட்’ என்னும் ஆங்கில வார இதழ் ஒன்றுதான் துணை. அந்த இதழை வரி விடாமல் படித்தார். பிறகு அதற்கே தம் சோதனைகளைப் பற்றி எழுதி அனுப்பினார். அவருடைய முயற்சிகளைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அவரே அங்கு எழுதியவைதாம்.

அத்தையாரின் மறைந்த கணவர் ஒரு தளபதி. அறிவியலில் நாட்டம் உடையவர். அவர் விட்டுச்சென்ற பட்டறை ஒன்று வீட்டில் இருந்தது. இழைப்புளி, உளி, ரம்பம், துளைக்கருவி எல்லாம் இருந்தன. எடுத்துப் பயன்படுத்த ஆள்தான் இல்லை. லில்லியன் அங்கே நுழைந்தார். நேரே பெரிய விமானத்தில் கைவைக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். முதலில் ஆறடி அகலமுள்ள ஒரு சிறிய மாதிரியைச் செய்து பட்டம் போலப் பறக்கவிட்டுப் பார்த்தார். அது நன்றாக எழும்பியது. அதன் பின்னரே 1909-1910 குளிர்காலத்தில் முழு அளவு விமானத்தைத் தொடங்கினார்.

அது இரட்டை இறக்கை விமானம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள். முனைக்கு முனை 27 அடி 7 அங்குலம். நம் வகுப்பறை ஒன்றில் அதை வைத்தால் கதவைத் திறக்க இடம் இருக்காது. எங்கெங்கு எந்த மரம் வேண்டும் என்பதை அவர் தேர்ந்து வைத்தார். இறக்கையின் விலா எலும்புகளுக்கு இலேசான ஸ்புரூஸ் மரம். தரையில் உராயும் சறுக்குக் கட்டைகளுக்கு வளைந்து கொடுக்கும் ஆஷ் மரம். இயந்திரம் அமரும் இடத்துக்கு எளிதில் பிளக்காத எல்ம் மரம். நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளுக்கு மூங்கில். இலேசாகவும் இருக்க வேண்டும், வலுவாகவும் இருக்க வேண்டும் என்றால் மூங்கிலைப் போல வேறொன்று ஏது? நம் ஊர்ப் பந்தல்காரரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்.

இறக்கைக்கு மேல் போர்த்துவதற்கு வெளுக்காத காலிகோத் துணியை வாங்கித் தைத்தார். வெறும் துணியில் காற்று ஊடுருவிப் போய்விடும். மழை பட்டால் தொய்ந்துவிடும். ஆகவே ஜெலட்டினையும் ஃபார்மலினையும் சேர்த்து ஒரு பூச்சைத் தாமே தயாரித்துப் பூசினார். ஜெலட்டின் மட்டும் என்றால் தண்ணீரில் கரைந்துவிடும். ஃபார்மலின் சேர்ந்ததும் அது இறுகி, நீரில் கரையாத தோலாகிவிடுகிறது. புகைப்படத் தகடுகளின் மேலிருக்கும் மென்படலமும் ஜெலட்டின்தான். அதை இறுக்க ஃபார்மலினைப் பயன்படுத்துவது புகைப்படக்காரர்கள் அறிந்த முறை. இருட்டறையில் கற்ற வித்தையைத்தான் லில்லியன் இறக்கைக்குக் கொண்டுவந்திருப்பார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஒரு வேலையில் கற்றது இன்னொரு வேலையில் எப்படிக் கைகொடுக்கிறது, பாருங்கள்!

அடுத்து வந்தது கம்பி வேலை. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரட்டை இறக்கை விமானத்தில் மேலிறக்கையையும் கீழிறக்கையையும் நிற்கும் கட்டைகள் தாங்குகின்றன. ஆனால் கட்டைகள் மட்டும் இருந்தால் அந்தச் சட்டம் தீப்பெட்டியின் மேலுறையை அழுத்தினாற்போல ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கும் மறுக்குமாக இரண்டு கம்பிகளை இழுத்துக் கட்டினால்தான் அது நிமிர்ந்து நிற்கும். சாயப் பார்க்கும்போது ஒரு கம்பி இழுத்துப் பிடிக்கும். மறுபக்கம் சாயப் பார்த்தால் மற்றொரு கம்பி பிடிக்கும். பறக்கும்போது இறக்கையை மேல்நோக்கிப் பிய்க்கப் பார்ப்பது காற்று. தரையில் நிற்கும்போது கீழ்நோக்கி இழுப்பது அதன் சொந்த எடை. இரண்டுக்கும் ஈடுகொடுப்பவை இந்த மெல்லிய கம்பிகளே. வீணையின் தந்தியைச் சுருதி சேர்ப்பது போல ஒவ்வொன்றையும் பதமாக முறுக்க வேண்டும். ஒன்றை அதிகம் முறுக்கினால் இறக்கை திருகிக்கொள்ளும். திருகிய இறக்கை நேரே பறக்காது. ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்துக் கம்பி தளரும். அதை முறுக்கினால் எதிர்க் கம்பி விறைக்கும். பொறுமை இல்லாதவர் இந்த இடத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

விமானத்துக்கு அவர் வைத்த பெயர் ‘மேஃபிளை’. அது நீரில் பிறந்து, இறக்கை முளைத்தபின் ஓரிரு நாளில் மடிந்துவிடும் ஒரு பூச்சியின் பெயர். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லை இரண்டாகப் பிரித்தால், பறந்தாலும் பறக்கும் என்று பொருள்படும். பறக்காமலும் போகலாம் என்பது சொல்லாமலே விளங்கும். பிறர் கேலி செய்வதற்கு முன் தாமே கேலி செய்துவிட்டார்! அவருடைய நகைச்சுவை எங்களுக்கு மிகவும் பிடித்தது.

இயந்திரம் பூட்டுவதற்கு முன், இறக்கைகள் எவ்வளவு எடையைத் தூக்கும் என்று அறிய வேண்டியிருந்தது. கார்ன்மனிக் குன்றின்மேல் காற்று பலமாக வீசும். அங்கே விமானத்தைக் கொண்டுபோய் நிறுத்தினார். உடல் வளமுள்ள போலீஸ்காரர்கள் நால்வரையும், ஜோ பிளேன் என்ற தோட்ட வேலை செய்யும் பையனையும் அழைத்து, அதைப் பிடித்துக்கொண்டு தொங்கச் சொன்னார். காற்று வந்தது. ஐந்து பேரோடும் விமானம் தரையை விட்டு எழும்பியது! போலீஸ்காரர்கள் அலறி அடித்துக் கையை விட்டுவிட்டார்கள். ஜோ மட்டும் விடவில்லை. அந்தப் பையன் பிடித்த பிடியால்தான் விமானம் நொறுங்காமல் தப்பியது. ஐந்து ஆட்களைத் தூக்கும் இறக்கை ஓர் இயந்திரத்தையும் ஒரு பெண்ணையும் தூக்காதா? லில்லியனுக்கு நம்பிக்கை பிறந்தது. செய்திகளில் அவர் பெயரே பெரிதாக வருகிறது. ஜோ பிளேனின் பெயரையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

இங்கிலாந்தில் ஏ. வி. ரோ என்ற விமான நிபுணரின் நிறுவனத்தில் 20 குதிரைத்திறன் கொண்ட ஓர் இயந்திரத்துக்குச் சொல்லி வைத்தார். விலை 100 பவுன். அக்காலத்தில் அது பெருந்தொகை. இயந்திரம் வருவதற்குத் தாமதமாகிக்கொண்டே போகவே, 1910 ஜூலையில் தாமே மான்செஸ்டர் சென்று, அதையும் அதன் சுழல்விசிறியையும் ரயிலிலும் கப்பலிலுமாக வீடு கொண்டுவந்து சேர்த்தார்.

மரமும் துணியும் கம்பியும் கண்ணுக்குத் தெரிபவை. இயந்திரமோ வேறு உலகம். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து உருளைக்குள் சென்று அழுத்தப்பட வேண்டும்; சரியான கணத்தில் அங்கே ஒரு மின்பொறி தெறிக்க வேண்டும்; அப்போதுதான் வெடிப்பு உண்டாகி உந்துதண்டு நகரும். அந்தப் பொறி எங்கிருந்து வருகிறது? நம் பௌதிக ஆய்வுக்கூடத்தில் தூண்டு சுருளைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? ஒரு சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று துண்டிக்கப்படும்போது பக்கத்துச் சுருளில் உயர்ந்த மின்னழுத்தம் எழும்பி, இரு முனைகளின் இடைவெளியில் பொறி தாவுகிறது. அக்காலத்து விமான இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் மாக்னெட்டோ என்ற கருவி இந்த வேலையைச் செய்தது. அதற்கு மின்கலம் வேண்டாம். இயந்திரம் சுழலும்போதே காந்தப்புலத்தில் மின்சாரம் பிறந்து, தடித்த உறையிட்ட கம்பி வழியே பொறிச்செருகிக்குப் போய்ச் சேரும். கம்பியின் உறையில் ஒரு கீறல் விழுந்தாலும், முனையில் ஈரம் பட்டாலும், பொறி உருளைக்குள் தெறிக்காமல் வெளியே கசிந்துவிடும். இயந்திரம் இருமிவிட்டு நின்றுவிடும். ஆகவே நின்றுபோன இயந்திரத்தின் முன் நிற்பவர்கள் இரண்டு கேள்விகளைத்தான் கேட்டுக்கொள்வார்கள்: பெட்ரோல் வருகிறதா? பொறி வருகிறதா?

லில்லியனின் இயந்திரத்துக்கு முதற்கேள்வியிலேயே சங்கடம். பெட்ரோல் தொட்டி இன்னும் வந்து சேரவில்லை. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கப் போகிறவரா அவர்? காலியான ஒரு விஸ்கிப் போத்தலைத் தேடிப் பிடித்தார். அதிலிருந்து பெட்ரோலை வழியச் செய்ய ஒரு குழாய் வேண்டும். அத்தையாருக்குக் காது மந்தம். மின்சாரக் காதுக் கருவிகள் பரவாத அக்காலத்தில், ஊதுகுழல் போன்ற ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு மற்றவர் பேசுவதைக் கேட்பார்கள். அந்தக் காதுக்குழலே பெட்ரோல் ஊற்றும் புனலாயிற்று! இயந்திரம் உறுமி எழுந்தது. அன்று அத்தையாரின் காதுக்கு அந்த உறுமல் மட்டும் குழலின் உதவியின்றியே எட்டியிருக்கும்.

ஓடியதும் அடுத்த தொல்லை. இயந்திரத்தின் அதிர்ச்சியில் விமானத்தின் நட்டுகள் கழலத் தொடங்கின. இன்று இறுக்கியது நாளை தளர்ந்திருக்கும். ஒரு நட்டின்மேல் இன்னொரு நட்டை எதிரெதிராக இறுக்கிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். எவ்வளவு குலுங்கினாலும் எளிதில் கழலாது. இதைப் பொறியியல் மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். லில்லியன் முழங்கால் மண்ணில் பதிய, கையில் திறப்பானுடன் படித்தார்.

கார்ன்மனியின் வயல்கள் ஓடி எழும்புவதற்குப் போதாதவை. ஆன்ட்ரிம் மாவட்டத்தில் ராண்டல்ஸ்டவுன் என்னும் இடத்தில் ஓநீல் பிரபுவுக்கு 800 ஏக்கர் பரப்புள்ள தோட்டவெளி இருந்தது. அதைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. இடம் நல்ல இடம்தான். ஆனால் அங்கே ஒரு காளையும் அவிழ்த்துவிடப்பட்டிருந்தது. காளை துரத்தினால் பறப்பதற்குக் கூடுதல் காரணம் கிடைக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டாராம். காளை துரத்தவில்லை, வானம்தான் ஒத்துழைக்கவில்லை. மழையும் புயற்காற்றுமாக ஐந்து வாரங்கள் கழிந்தன. செய்து முடித்த விமானத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து வாரம் வானத்தைப் பார்த்திருப்பது எத்தகைய தவம்!

1910 ஆகஸ்ட் 31. அன்று காற்று அடங்கியிருந்தது. சுழல்விசிறி விமானத்தின் பின்புறம், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதைக் கையால் சுழற்றிவிட்டவன் ஜோ. கை ஒரு கணம் தாமதித்தாலும் விசிறி வெட்டிவிடும். இயந்திரம் பற்றிக்கொண்டது. விமானம் புல்வெளியில் தத்தித் தத்தி ஓடியது. பிறகு தத்தல் நின்றது. சக்கரங்கள் தரையில் இல்லை! சில கணங்கள்தாம், சில கெஜ தூரந்தான். பிறகு மீண்டும் தரை. முதற்பறப்பு அவ்வளவே. ஆனால் ஒரு தோட்டத்துப் பையனின் உதவியோடு, எந்தப் பொறியாளரின் துணையுமின்றி, 31 வயதுப் பெண் ஒருத்தி தான் செய்த விமானத்தில் பூமியை விட்டு எழுந்துவிட்டாள். அடுத்தடுத்த நாள்களில் மேலும் பறந்தார். கால் மைல் வரை பறந்ததாகவும் கூறுவர்.

அதே ஆண்டு மார்ச் மாதத்தில் பிரான்சு நாட்டின் ரேமோந்த் தெ லரோஷ் என்ற பெண்மணி, விமானமோட்டும் உரிமம் பெற்ற முதல் பெண் என்ற பெருமையை அடைந்திருந்தார். அவர் ஓட்டியது பிறர் செய்த விமானம். அயர்லாந்தில் முதன்முதலாக விமானம் செய்து பறந்தவர் ஹாரி பெர்குசன். 1909 டிசம்பர் 31-இல் பறந்தார். நம் வயல்களில் உழுகின்ற மாசி பெர்குசன் டிராக்டரின் பெயரில் வருபவர் அவரேதான்! ஆக, பெர்குசனுக்கு எட்டு மாதங்கள் பின்னால் வந்த லில்லியனின் ‘மேஃபிளை’யே அயர்லாந்தில் இயந்திரத்தால் பறந்த முதல் இரட்டை இறக்கை விமானம்.

பின் என்ன நடந்தது? இயந்திரம் நீங்கலாக 250 பவுன் விலையில் விமானங்கள் செய்து தருவதாக விளம்பரம் செய்தார். அது தொழிலாக வளரவில்லை. இன்னும் திறன்மிக்க இயந்திரத்தை ‘மேஃபிளை’யின் மெல்லிய உடல் தாங்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தந்தையாருக்கோ தினமும் வயிற்றில் நெருப்பு. அக்காலத்தில் விமானமோட்டிகள் அடிக்கடி விழுந்து மடிந்துகொண்டிருந்தார்கள். பறப்பதை விட்டுவிட்டால் மோட்டார் கார் ஒன்று வாங்கித் தருவதாக அவர் மகளிடம் ஒப்பந்தம் பேசினார். லில்லியன் ஏற்றுக்கொண்டார். 1911-இல் போர்டு கார் வந்தது. அதை ஓட்டவும் தாமே கற்றுக்கொண்டு, சிலகாலம் பெல்பாஸ்டில் போர்டு கார்களை விற்கும் முகவராகவும் இருந்தார்.

இந்த இடத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இவ்வளவு பாடுபட்டவர் ஒரு காருக்காக வானத்தை விற்றுவிட்டாரே என்று எங்களில் சிலர் வருந்துகிறோம். முடியும் என்று காட்டுவதுதான் அவர் நோக்கம்; காட்டியாயிற்று; கிழத் தந்தையின் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டு மேலும் ஏன் பறக்க வேண்டும் என்று மற்றவர்கள் வாதாடுகிறோம். அவர் வாழ்ந்த பின்னாள் வாழ்க்கையைப் பார்த்தால், அவர் திரும்பிப் பார்த்து ஏங்கியவராகத் தெரியவில்லை.

1911 அக்டோபரில் உறவினரான சார்லஸ் லோப்டஸ் பிளாண்டை மணந்தார். அவர் கனடாவில் வேலை செய்துவந்தவர். 1912-இல் லில்லியன் கனடாவின் வான்கூவர் தீவின் வடபகுதியிலுள்ள குவாட்சினோ என்ற இடத்துக்குச் சென்றார். காட்டைத் திருத்தி நிலமாக்க வேண்டிய இடம் அது. 1913-இல் பட்ரீசியா என்ற பெண் குழந்தை பிறந்தது. 1929-இல், பதினாறாம் வயதில், அந்தப் பெண் நரம்பிசிவு நோயால் இறந்துபோனாள். இன்று நம் பள்ளியில் வரிசையில் நின்று போட்டுக்கொள்கிறோமே, அந்தத் தடுப்பூசி அப்போது வழக்கத்துக்கு வரவில்லை. ஒரே மகளை இழந்த பிறகு அந்தக் காடு அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை எழுத எங்களுக்குச் சொற்கள் வரவில்லை.

1935-இல் இங்கிலாந்து திரும்பினார். கென்டில் தோட்ட வேலை செய்து பிழைத்தார். ஈட்டியதைப் பங்குச் சந்தையில் போட்டுத் துணிந்து விளையாடினார். அதில் பணமும் சேர்த்தார். 1955-இல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில், கடலோரமாயுள்ள செனன் என்ற சிற்றூரில் குடியேறினார். அங்கே செடி வளர்ப்பதும் ஓவியம் தீட்டுவதுமாகக் காலம் கழிந்தது. 1969-இல் மனிதன் சந்திரனில் இறங்கியபோது அவருக்கு வயது 90. 1971 மே 11-ஆம் நாள், தமது 92-ஆம் வயதில் காலமானார். செனனிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கார்ன்மனிக்கு அருகிலுள்ள கிளென்கார்ம்லியில் உள்ள பூங்காவுக்கு 2011-இல் லில்லியன் பிளாண்டின் பெயரைச் சூட்டினார்கள்.